கொளஞ்சி மாமாவுக்கு எந்த நாடு

என் அக்கா இளவரசியைக் கட்டியவர் கொளஞ்சியப்பன் மாமா. சொந்த ஊர் கம்மாபுரம், தொழில் ஏசி மெக்கானிக், குடியிருப்பது சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீட்டில். 2004-இல் கல்யாணத்தன்று பந்தியில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மச்சான், இந்த ஊர வுட்டுப் போவணும்னா நீ எந்த நாட்டுக்குப் போவ?"

நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். "பாண்டிச்சேரி" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. "அது நாடு இல்ல. ஆனா அங்கேருந்து பிரான்சுக்குப் போறாங்க. யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் பொழுதுபோகக் கேட்கிற அந்தக் கேள்வியை அவர் வேலையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஏசி மாட்டிய வீடு அப்போது இரண்டே வகை. ஒன்று அண்ணாமலை நகர்ப் பேராசிரியர் வீடு, இன்னொன்று வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருக்கும் வீடு. ஆக, மாமா சர்வீசுக்குப் போன இடமெல்லாம் ஏதோ ஒரு நாட்டின் தூதரகம் மாதிரிதான். ஒவ்வொரு வீட்டிலும் ஏணியைச் சாய்ப்பதற்கு முன் ரிமோட்டைக் கையில் எடுத்து எத்தனை டிகிரி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். அதை வைத்து நாட்டுக்கு மார்க் போடுவார்.

"ஒரு மனுசன் அங்க என்னா பட்டான்னு வாயால சொல்ல மாட்டான் மச்சான். ரிமோட்டு சொல்லும். இருவத்தஞ்சில வெச்சிருந்தா அவன் நல்ல நாட்டுல இருக்கறான். பதினெட்டுக்குக் கீழ போனா அந்த நாடு வாணாம்."

"இருவத்தஞ்சில வெக்கறவன் கரண்டு பில்லுக்குப் பயந்தவனா இருப்பான் மாமா."

"நீ படிச்சவன், அப்பிடித்தான் பேசுவ."

நான் அண்ணாமலை நகரில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, லீவு நாளில் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போவேன். வேலை கற்றுக்கொள்வதற்காக இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பேசுவதைக் கேட்கத்தான். ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி பேசுவார்கள்.

அப்படித்தான் 2007 மே மாதம் பரங்கிப்பேட்டையில் ஜக்கரியா பாய் வீட்டுக்குப் போனோம். பாய் சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். ரிமோட்டில் பதினாறு. அக்னி நட்சத்திர வெயிலில் மனிதர் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"தண்ணி சொட்டுது தம்பி, அத மட்டும் பாத்துடுங்க. கூலிங்ல கைய வச்சிடாதீங்க."

"இதுக்குக் கீழ எறங்காது பாய். ஏன் பாய், இவ்ளோ கொறச்சி வெக்கிறீங்க?"

"அங்க ஊருக்கெல்லாம் ஏசி தம்பி, நமக்கு வெயிலு. வந்த எடத்துலயாவது குளுர்ல கெடப்போமே. அல்லா குடுத்த ரெண்டு மாசம்."

அந்தக் குளிரில் அவர் வீட்டு ஆட்கள் யாரும் உள்ளே வரவில்லை. அவர் மனைவியும் பிள்ளைகளும் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் இருந்தார்கள். கடைசிப் பையனுக்கு நாலு வயசிருக்கும். அம்மாவிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"உம்மா, வாப்பா எப்ப ஊருக்குப் போவாங்க?"

"இதாண்டா வாப்பா ஊரு."

"இல்ல. அவுங்க ஊருக்கு."

மாமா ஏணியில் நின்றபடி வடிகுழாயை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி ஊதினார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதைச் சொன்னார். நான் அந்தப் பையன் குரலிலேயே பேசிக் காட்டினேன். அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நர்சரி ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர், சாதாரணமாக எதற்கும் சிரிக்கிறவள்தான். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு வயது சுவேதா மாமாவின் டூல் பையில் கையை விட்டு ஸ்பேனரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது உங்கள அப்பிடிக் கேக்கக் கூடாது. எந்த நாடுன்னாலும் போவலாம், நான் வாணாம்னு சொல்லல. ஆனா மூணு பேரும் போவணும். நீங்க தனியா போறதுன்னா அந்தப் பேச்ச இன்னியோட வுட்டுடுங்க."

"சரி" என்றார் மாமா. "அப்ப குடும்பத்தோட சேத்துக்கற நாடா பாத்துட்டாப் போச்சி."

ரொம்ப சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு நிபந்தனையைப் போட்டதும் உலக வரைபடம் சடசடவென்று சுருங்கியது. சிங்கப்பூரில் வொர்க் பர்மிட்டில் போகிறவன் பெண்டாட்டியைக் கூட்டிப் போக முடியாது. துபாய், குவைத்து எங்கே போனாலும் குடும்ப விசாவுக்கு இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மெக்கானிக் சம்பளம் அதற்கு எட்டவில்லை. பிரான்சுக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை தாத்தா காலத்திலிருந்தே இருந்தது. மாமாவின் தாத்தா கம்மாபுரத்தில் மல்லாட்டைக் கடலை பயிரிட்டவர்.

மிச்சம் இருந்தது ஆஸ்திரேலியா. இதைச் சொன்னவர் அண்ணாமலை நகரில் குவார்ட்டர்சில் இருந்த ஒரு தாவரவியல் பேராசிரியர். அவர் மகன் மெல்போர்னில் இருந்தான். பேராசிரியர் ஒவ்வொரு சொல்லையும் மாணவன் எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துத்தான் பேசுவார்.

"கொளஞ்சியப்பன். ஆஸ்திரேலியாவில். ஏசி மெக்கானிக்குகளுக்கு. பற்றாக்குறை. குடும்பத்துடன். அழைக்கிறார்கள்."

மாமா ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். பேராசிரியர் வீட்டு ரிமோட் வேறு இருபத்தைந்தில் இருந்தது.

"ஆனால். ஆங்கிலத் தேர்வு. ஒன்று. உண்டு."

ஆறு மாதம் அக்கா சொல்லிக்கொடுத்தாள். நான் வெள்ளைக்காரத் தேர்வாளராக எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் ஏசி என்பார். உங்களுக்குப் பிடித்த பண்டிகை எது என்றால், பொங்கலில் ஆரம்பித்து, பொங்கலுக்கு மக்கள் வெளிநாட்டிலிருந்து வருவார்கள், அப்போது ஏசி சர்வீஸ் ஜாஸ்தி என்று முடிப்பார். சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தார். பேச்சில் தப்பித்தார், கேட்டலில் போய்விட்டது.

"டேப்புல அந்தப் பொண்ணு பேசனது எல்லாம் நல்லாத்தான் காதுல வுழுந்துச்சி மச்சான். இன்னா சொன்னுச்சின்னு நான் யோசிக்கறதுக்குள்ள அது அடுத்த ஊருக்குப் போயிடுச்சி."

இரண்டாவது தடவையும் எழுதினார். இரண்டாவது தடவையும் அந்தப் பெண் நிற்கவில்லை.

இதையெல்லாம் கம்மாபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மாமாவின் அம்மா பட்டம்மாள் அத்தை. அந்தத் தெருவில் இருந்து மூன்று பேர் வெளிநாடு போயிருந்தார்கள். அதில் ஒருவன் சின்னையன், மாமாவிடம் தொழில் கற்றவன். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. 2008 ஆடி முடிந்ததும் நேராகச் சிதம்பரம் வந்துவிட்டார்.

"டேய் கொளஞ்சி, கண்டவங்கிட்ட எல்லாம் கேக்கறியே, பேரு வெச்சவருகிட்ட கேட்டியா? ஒரு பிராது கட்டுடா."

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. நம் குறையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுவது மாதிரியே பேர், ஊர் எல்லாம் போட்டுக் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குப் பேர் பிராது. நம் ஊர் அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அதற்கு ஒரு படிக்காசும் வாங்குவார்கள். சாமி வந்து விசாரிக்க வேண்டும் அல்லவா, அதற்கு. காரியம் முடிந்ததும் மறுபடி போய், முடிந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது ராஜினாமா. மாமாவே ஒரு பிராதில் பிறந்தவர்தான். பிள்ளை வேண்டும் என்று அத்தை கட்டியது, பிறந்ததும் ராஜினாமா கொடுத்தது.

மாமா, அக்கா, சுவேதா, அத்தை, நான் எல்லாரும் போனோம். அங்கே போய்க் காகிதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் மாமாவுக்குக் கை ஓடவில்லை.

"நாட்டுப் பேர எழுதுடா" என்றார் அத்தை. "பேரு இல்லாம அவரு எங்கன்னு பாப்பாரு."

"எந்த நாடுன்னு தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வர்றன்?"

"குவைத்துன்னு போடு. நம்ம தெரு பெரியநாயகி மவன் அங்கதான் இருக்கறான்."

அக்கா பேனாவை வாங்கினாள். போர்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், 'எந்த நாடானாலும் சரி. என் கணவர், நான், எங்கள் மகள் சுவேதா ஆகிய மூவரும் ஒன்றாகப் போய் ஒன்றாக இருக்க வழி செய்ய வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, மாமாவிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் போட்டார். அத்தை எழுத்தைப் பார்த்தாரே தவிர, படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

கவுன்டரில் இருந்தவர் கேட்டார், "எந்த ஊரு?"

"சிதம்பரங்க. ஆனா வழக்கு வெளிநாட்டு வழக்கு. எங்கேருந்து கிலோமீட்டர் போடறது?"

"ஆளு இருக்கற ஊருக்குத்தாங்க போடுவோம். அதுக்கப்பறம் அவரு பாத்துக்குவாரு."

மூன்று மாதத்துக்குள் நடந்துவிடும் என்பார்கள். மூன்று மாதத்தில் சுவேதாவுக்கு அம்மை போட்டு இறங்கியது, மாமாவின் வண்டி இஞ்சின் போனது, வேறொன்றும் நடக்கவில்லை. வருஷம் ஒன்று தாண்டியது. 2010 தொடக்கத்தில் கடலூரிலிருந்து போன் வந்தது.

போன் செய்தவர் லூர்துசாமி. திருப்பாப்புலியூரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் டிராவல்ஸ் வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் முடிந்தது என்பதற்குக் கலாஸ், கிளம்பு என்பதற்கு யல்லா என்று பேச்சில் அரபி வந்துகொண்டே இருக்கும்.

"தம்பி, கத்தாரு. ஓட்டல் மெயின்டனன்சு. ரூமு அவன் குடுக்கறான், சோறு அவன் போடறான், டிக்கெட்டு அவன் எடுக்கறான். ரெண்டு வருசம். கலாஸ்."

"குடும்பம்ணே?"

"குடும்பம் இங்க பத்திரமா இருக்குமே தம்பி. நீ போன் பேசு. இப்பதான் கம்ப்யூட்டர்ல மூஞ்சியே தெரியுதே. யல்லா, பாஸ்போர்ட்ட எடுத்துக்குனு வா."

மாமா இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அப்படித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. சக்கரம் வைத்த நீலப் பெட்டி. சுவேதா அதில் ஏறி உட்கார்ந்து தன்னை இழுக்கச் சொன்னாள்.

"எனக்கு முப்பத்தஞ்சி ஆவப்போவுது எளவரசி" என்றார் மாமா. "இதுக்கப்பறம் கூப்புட மாட்டான். சிதம்பரத்துல இன்னிக்குத் தெருவுக்கொரு ஏசிக்காரன் வந்துட்டான். ரெண்டே வருசம்."

அக்கா சண்டை போடவில்லை. அத்தைதான் போனிலேயே கொண்டாடினார். "அவரு குடுத்துட்டாருடா. லேட்டா குடுத்தாலும் குடுத்துட்டாரு. டேய், மொத வேலையா ராஜினாமாவக் குடுத்துட்டு வா. பிராத நிலுவையில வெச்சிட்டு கடல் தாண்டக் கூடாது. கோவக்காரரு."

போனை வைத்ததும் அக்கா சொன்னாள்:

"அத்த சொல்றதுதான் சரி. போய்க் குடுத்துட்டு வாங்க. ஆனா பிராதுல மூணு பேருன்னு எழுதியிருக்கு. அதுல ரெண்டு பேர எடுத்தாச்சின்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்துட்டு, அப்பறம் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்."

சொல்லிவிட்டு மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை நானும் மாமாவும் வண்டியில் போனோம். வழியில் டீ குடிக்கும்போது, "உங்க அக்கா ஏதோ லேசா சொன்னா மாதிரி இருக்குது மச்சான், ஆனா இல்ல" என்றார்.

கோயிலில் நல்ல கூட்டம். ராஜினாமா கொடுக்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா திருட்டுப் போன மாடு திரும்பி வந்ததற்கு எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போதே திருடியவன் பேரையும் ஊரையும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா எழுத ஆரம்பித்தார். 'நான் கொடுத்த பிராதில் கண்ட கோரிக்கை நிறைவேறியது.' படித்துப் பார்த்தார். அடித்தார்.

"பொய்யில்ல அது? அவருகிட்டயே எப்பிடி எழுதறது?"

'கோரிக்கையில் ஒரு பகுதி நிறைவேறியது.' அதையும் அடித்தார். எந்தப் பகுதி என்று சாமி கேட்பாராம்.

"நீ சொல்லு மச்சான். நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியே. ஒரு வக்கீல் மாதிரி சொல்லு."

நான் வக்கீல் குரலில் ஆரம்பித்தேன். "மேற்படி பிராதில் கண்ட நபர்களில் முதல் நபர் நீங்கலாக, இரண்டாவது, மூன்றாவது நபர்களை மனுதாரர் தம் சுயவிருப்பத்தின் பேரில் நீக்கிக்கொள்வதாலும்..."

"ரெண்டாவது நபரு, மூணாவது நபருன்னா எழுதறது?"

"பேரு போட்டும் எழுதலாம் மாமா."

'என் மனைவி இளவரசி, மகள் சுவேதா' என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு வினைச்சொல் வேண்டும். வேண்டாம் என்பதா, விட்டுவிட்டேன் என்பதா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதா. பேனா அந்த 'சுவேதா'வுக்குப் பக்கத்திலேயே ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. மாட்டுக்கார அம்மா எழுதி முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள்.

கடைசியில் மாமா எழுந்து கவுன்டருக்குப் போனார்.

"ஏங்க, பாதி நெறவேறியிருந்தா பாதி ராஜினாமா குடுக்கலாங்களா?"

கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அப்பிடி யாரும் கேட்டதில்லீங்களே. என்னா பிராது?"

"வெளிநாடு போவணும்னு. மூணு பேரு."

"எத்தினி பேருக்கு வந்திருக்கு?"

"ஒருத்தருக்கு."

"எழுதனது நெறவேறிச்சா, நெறவேறலயா? ஒண்ணு சொல்லுங்க."

மாமா காகிதத்தை மடித்தார். "நெறவேறலீங்க."

"அப்பறம் எதுக்கு ராஜினாமா? நெறவேறனதும் வாங்க. பின்னால நிக்கறவங்களுக்கு வழி வுடுங்க."

மாமா வழி விட்டார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று லூர்துசாமிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான் வரலண்ணே."

"என்னா தம்பி, பயமா?"

"இல்லண்ணே. இங்க ஒரு கேசு நிலுவையில இருக்குது."

"போலீஸ் கேசா? மொதல்லயே சொல்லியிருக்கணுமே தம்பி, கிளியரன்சு எல்லாம் கேப்பானே. சரி, உனக்குத் தெரிஞ்ச வேற மெக்கானிக்கு யாருனா இருந்தா சொல்லு."

மாமா சின்னையன் நம்பரைக் கொடுத்தார். அவன் அப்போது சிங்கப்பூரிலிருந்து வந்து ஊரில் சும்மா இருந்தான். கலாஸ்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்ன ஆச்சு என்று கேட்டாள். "வாங்கிக்க மாட்டன்னுட்டாங்க" என்றார் மாமா. அன்றைக்கு வறுத்த மீனில் அவருக்குத்தான் பெரிய துண்டு. என்னைப் பார்த்து, "நீ என்னாடா பாக்கற, உனக்குத் தல" என்றாள்.

அத்தை மூன்று மாதம் அக்காவிடம் பேசவில்லை. சின்னையன் கத்தாரிலிருந்து அனுப்பிய பணத்தில் அவன் வீடு மாடி ஏறியபோது, அத்தை ஒவ்வொரு செங்கல் வண்டிக்கும் மாமாவுக்குப் போன் செய்தார். "இப்ப சென்ட்ரிங் அடிக்கறாண்டா." "இப்ப கைப்பிடிச் சுவரு கட்டறாண்டா." மாமா எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்பார். அந்த வீடு அவருக்கு வந்திருக்க வேண்டியது. அதை அவர் மறைக்கவும் இல்லை, புலம்பவும் இல்லை. சிமென்ட் நல்ல சிமென்டாகப் போடச் சொல்லு என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

2011 கடைசியில் தானே என்ற புயல் வந்து கரண்டு போஸ்ட் மரங்களையெல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கவே கரண்டு இல்லை. ஏசி மெக்கானிக்குக் கரண்டு இல்லாத ஊரில் என்ன வேலை? மாமா இன்வெர்ட்டர் மாட்ட ஆரம்பித்தார். நீலப் பெட்டி அப்போதுதான் உபயோகத்துக்கு வந்தது. ஒயரும் அதன் நுனியில் மாட்டும் லக்கும் போட்டு இழுத்துக்கொண்டு போக வசதியாக இருந்தது.

சின்னையன் இரண்டு வருஷம் முடித்து லீவில் வந்தான். மாடி அறைக்கு ஏசி மாட்ட மாமாவைத்தான் கூப்பிட்டான். மாட்டி முடித்ததும் மாமா ரிமோட்டை அவன் கையில் கொடுத்தார். பதினாறு வைத்தான். மாமா என்னைப் பார்த்தார். சரியாக அப்போது கரண்டு போனது. எல்லாரும் கீழே இறங்கி வாசலுக்கு வந்தோம். சின்னையன் மகனுக்கு ஐந்து வயசு. அவன் வந்து மாமாவின் மடியில் உட்கார்ந்துகொண்டான். அப்பா மடி காலியாகத்தான் இருந்தது.

"வாடா இங்க" என்றான் சின்னையன்.

"அப்பறம் வரன்" என்றான் பையன்.

இந்தப் பையன் குரலை நான் வீட்டில் பேசிக் காட்டவில்லை.

சிதம்பரத்திலும் கரண்டு இல்லை. அக்கா மொட்டை மாடியில் பாய் போட்டிருந்தாள். ஏழு வயது சுவேதா ஸ்கூல் அட்லசைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்தி வெளிச்சத்தில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாம எந்த நாட்டுக்குப் போவலாம்?"

"கரண்டு இருக்கற நாடு."

"நான் சொல்லட்டா? நியூசிலாந்து."

"அங்க குளுருமே பாப்பா. அங்க யாரு ஏசி போடுவா? எனக்கு என்னா வேல இருக்கும்?"

"ஹீட்டர் ரிப்பேர் பண்ணு."

மாமா படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "மச்சான், ஹீட்டருன்றது வேற ஒண்ணும் இல்ல. ஏசியவே திருப்பி ஓட்டறதுதான். உள்ள இருக்கற கேசு அதே கேசு." கொஞ்ச நேரம் அட்லசைப் பார்த்தார். "அந்தப் பேராசிரியர் பையன் பக்கத்து நாட்டுலதான இருக்கறான், நம்பரு உங்கிட்ட இருக்குல்ல? அங்க குடும்பத்த சேத்துக்கறாங்களான்னு ஒரு வார்த்த கேளு."

"இங்கிலீசு டெஸ்டு இருக்கும் மாமா."

"இருக்கட்டும். அந்தப் பொண்ணு இந்நேரம் கொஞ்சம் மெதுவா பேசக் கத்துக்கிட்டிருக்கும்."

அக்கா சுவேதாவை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு அட்லசைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்க இருக்குது அது, காட்டு" என்றாள். மூன்று பேரும் குனிந்து தேடினார்கள். பக்கத்தின் கடைசி மூலையில், கடலுக்குள், இரண்டு துண்டாக இருந்தது.